பன்னிரண்டு சொல்லும் ஒரு பல்செட்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கியது இல்லை. ஒரு பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டு, "வளரும் நாடுகள்ல கிரிப்டோ நாணயத்தோட எதிர்காலம்னு ஒரு கட்டுரை வேணும். வாய்ப்புகள் இருக்கணும், சவால்கள் இருக்கணும், கடைசியில கொஞ்சம் நம்பிக்கை இருக்கணும்" என்றார். ஓட்டலில் ஆர்டர் கொடுப்பதுபோல் சொன்னார். நானும் உடனே சரி என்றேன். தெரிந்த விஷயமாக இருந்தால் யோசித்திருப்பேன். இதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதனால் துணிச்சல் வந்துவிட்டது.

முதல் தொடக்கம்:

"மாறிவரும் உலகப் பொருளாதாரச் சூழலில், பரவலாக்கப்பட்ட எண்ம நாணயமானது ஓர் இன்றியமையாத

(இன்றியமையாத என்ன? இரண்டு காபி குடித்தும் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

இரண்டாவது தொடக்கம்:

"பணம் என்றால் என்ன?"

(இப்படிக் கேட்ட எவரும் பணக்காரர் ஆனதாகத் தெரியவில்லை. அடித்தாயிற்று.)

மூன்றாவது தொடக்கம்:

"ஒரு தையல்காரி தன்னுடைய போனைத் தானே இஸ்திரி போட்டுவிட்டாள்."

இது நன்றாக இருந்தது. அடுத்த வரி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒரே கோளாறு, இது கட்டுரை இல்லை. ஆசிரியரிடம் சொன்னேன். "அதுல கிரிப்டோ வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "வளரும் நாடு?" அதுவும் வருகிறது, ஆனால் பெயர் வராது என்றேன். தையல்காரி போட்ட நிபந்தனை அது. பெயர் கூடாது, ஊர் கூடாது, தெருவுக்கு அடையாளம் கூடாது. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

2

அந்த வீட்டுக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவர் பம்பு மெக்கானிக். சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு மோட்டார் இருமினாலும் அவருக்குத்தான் போன் போகும். அடுத்தவள் நம் தையல்காரி. அம்மா அவளோடுதான் இருக்கிறார். மூன்றாமவள் தங்கச்சி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டி அதட்டி, வீட்டிலும் அவளுக்கு அந்தக் குரல்தான் வருகிறது. கடைக்குட்டி தம்பி, கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

தம்பி பணம் அனுப்பினால் அங்கே ஒருவன் கமிஷன் எடுப்பான், இங்கே ஒருவன் எடுப்பான், நடுவில் முகம் தெரியாத ஒருவன் எடுப்பான். எல்லாரும் கடித்து முடித்து மிச்சம் வந்து சேர்வதற்குள் உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு இன்னும் ஒரு படி இறங்கியிருக்கும். உழைத்தவன் மேலே கிரேனில் உட்கார்ந்திருக்க, அவன் பணம் மட்டும் கீழே கீழே போனது.

(ஆசிரியர் கேட்ட "வாய்ப்புகள்" மேலே உள்ள பத்தியில் இருக்கின்றன. அவசரத்தில் இருப்பவர்கள் அதோடு கிளம்பலாம்.)

அதனால் விடுமுறைக்கு வந்தபோது தம்பி, தையல்காரியின் போனில் வாலட் என்று ஒரு பணப்பையை வைத்துக் கொடுத்தான். டாலரோடு கயிறு போட்டுக் கட்டிய ஒருவகைக் கிரிப்டோ காசு அதில் வரும். கமிஷன் சொற்பம், வந்து சேர நிமிடக் கணக்கு. அவன் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினான்.

"இதுல பெரிய வசதி என்னன்னா, யாரையும் நம்ப வேண்டியதே இல்ல. பேங்கை நம்ப வேண்டாம், அரசாங்கத்தை நம்ப வேண்டாம், ஆளை நம்ப வேண்டாம்."

"அப்போ இது நம்ம குடும்பத்துக்குன்னே செஞ்சது மாதிரியில்ல இருக்கு" என்றார் பம்பு மெக்கானிக். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

சிக்கல் அடுத்த வாக்கியத்தில் வந்தது. போன் தொலைந்தால் பணத்தை மீட்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன, அவற்றை வரிசையாகப் போட்டால் எந்தப் போனிலும் வாலட் திறக்கும், அவை யார் கையில் இருக்கின்றனவோ பணமும் அவர் கையில் என்று தம்பி சொன்னான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான், "ஆளுக்கு நாலு பிரிச்சுக் குடுத்துடேன்" என்றார்.

உலகத்தில் இதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொற்களைத் தகட்டில் பொறித்து வை என்கிறார்கள், இரும்புப் பெட்டியில் வை என்கிறார்கள். அண்ணன் தங்கைகளுக்குள் பாகம் பிரி என்று ஒருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். பழம் வந்தாலும் பழி வந்தாலும் மூன்றாகப் பிரித்துத்தான் பழக்கம்.

தம்பி ஒவ்வொருவரையும் தனித்தனியாக உள்ளறைக்குள் கூப்பிட்டு, நான்கு நான்கு சொற்களைக் காட்டி மனப்பாடம் பண்ண வைத்தான். எழுதி வைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். "உனக்கு ஒரு பிரதி?" என்று தையல்காரி கேட்டாள். "என்னை நீங்க நம்புவீங்களா?" என்றான். மரியாதை கருதி அவள் காபி போடப் போய்விட்டாள்.

பம்பு மெக்கானிக் நட்டு முறுக்கும்போதெல்லாம் தன் நாலு சொல்லை முணுமுணுத்துக்கொண்டார். தங்கச்சி ஒரு கியருக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டாள். தையல்காரி பொத்தான் வைக்கும்போது துளைக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டாள், நாலு துளைப் பொத்தான்களுக்கு அன்றிலிருந்து தனி மவுசு.

3

இப்போது பல்லுக்கு வருவோம்.

அம்மாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. குழைந்ததை விழுங்கியே காலம் ஓடியது. அது பரவாயில்லை, சிரிப்பு வந்தால் சட்டென்று கை வாயை மூடிக்கொள்ளும். பார்க்கவே சங்கடமாக இருக்கும். தம்பி கிளம்பும் அன்று அம்மா அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்கள்லாம் ஒண்ணா உக்காந்து கடிச்சுத் திங்கும்போது, நானும் கூட உக்காந்து கடிச்சுத் திங்கணும்டா." அவன் அங்கே போய், ஓவர்டைம் பார்த்து, பல்செட்டுக்கான பணத்தை வாலட்டில் போட்டுவிட்டான். பல் டாக்டர் அளவெடுத்து, செட்டைச் செய்து, கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். டாக்டருக்கும் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதனால் உள்ளூர்ப் பணம் இறங்க இறங்க அவர் விலையை ஏற்றிக்கொண்டே இருந்தார். "இந்த வாரக் கடைசிக்குள்ள கட்டிட்டா பழைய விலை. அப்புறம் என் கையில இல்லம்மா" என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில் குடும்பத்தில் சண்டை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தங்கச்சி வீட்டு மோட்டார் ஒருநாள் ஓடவில்லை. அண்ணன் வேறு வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அவள் வேறு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டாள். அவ்வளவுதான்! "கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தனைக் கூப்பிடுவாளா?" என்று அவர் குதித்தார். "தண்ணி இல்லாம புள்ளைங்களை எப்படிக் குளிப்பாட்டுறது, அண்ணன் பெருமையை வெச்சா?" என்று அவள் குதித்தாள். தையல்காரி இரண்டு பக்கமும் சேரவில்லை. ஆகவே இரண்டு பேரும் அவளோடும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாதக் கணக்கில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அந்த வாரம்தான் அவள் போனில் பாட்டை ஓடவிட்டு மேசையில் வைத்தாள். மேலே ஒரு பேன்ட் விழுந்தது. பாட்டு மெதுவாகக் கேட்கிறதே என்று நினைத்தபடி, சூடேறிய இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்தப் பேன்ட்டின் மேல் வைத்து, வேறு ஏதோ யோசனையில் நன்றாக அழுத்திவிட்டாள். பாட்டு நின்றது. புகை வந்தது.

(பேன்ட் என்னுடையது. இடுப்பைத் தளர்த்தக் கொடுத்திருந்தேன். அதை வாங்கப் போனபோதுதான் முழுக் கதையும் என் காதில் விழுந்தது. பேன்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மடிப்பு மட்டும் கத்தி மாதிரி நிற்கிறது.)

4

இங்கே ரீசார்ஜ் கடைக்காரர் வர வேண்டும். எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம்.

போனில் காசு ஏற்றித் தருபவர், பழைய போன் விற்பவர், வாலட்டில் வரும் காசை வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பணம் தருபவரும் அவரே. கதையில் இப்படி ஒரு ஆள் வந்தால் திருட வேண்டும். நானும் அவரைத் திருட வைத்து ஒரு பக்கம் எழுதினேன்.

"பன்னிரண்டு சொல்லையும் எங்கிட்ட சொல்லுங்க, நானே போட்டுத் தரேன்" என்று கடைக்காரர் கண்ணைச் சிமிட்டியபடி

(தையல்காரி இதைப் படித்துவிட்டு, "அவர் அப்படிச் சொல்லவே இல்லையே சார். 'எங்கிட்டகூட சொல்லிடாதீங்க'ன்னு காதைப் பொத்திக்கிட்டாரு. பாவம், அவர் மேல ஏன் பழி போடுறீங்க?" என்றாள். நல்லவர்களை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு எப்படிப் புரியும்? அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். கடைக்காரர் ஒரு பழைய போனைக் கொடுத்து, பன்னிரண்டு சொல்லையும் வரிசை மாறாமல் போட்டால் பணம் அப்படியே வந்துவிடும் என்றார். தையல்காரி போனைக் கையில் வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். அவளிடம் நாலு சொல் இருந்தது. மிச்ச எட்டும் அவளோடு பேசாத இரண்டு பேரின் தலைக்குள் இருந்தன. பல் கண்ணாடி அலமாரியில் இருந்தது. அழுகை வந்துவிட்டது அவளுக்கு.

5

அம்மாவுக்குப் பல் என்று சொன்னதும் இரண்டு பேரும் வந்தார்கள். அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் வந்து, தையல் அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். வெட்டிய துணியும் நூல்கண்டும் சிதறிக் கிடந்த அந்தச் சின்ன அறையில் மூன்று மூலைக்கு மேல் இல்லை, நான்காவதில் மெஷின் நின்றது. அம்மா மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் என் சொல்லைப் போடும்போது மத்தவங்க செவுத்தைப் பாக்கணும்" என்றாள் தங்கச்சி.

"ஆமா, இவ சொல்லைத் திருடித்தான் நான் கோட்டை கட்டப் போறேன்" என்றார் அண்ணன், சுவரிடம்.

"யாரு முதல்ல?" என்று கேட்டாள் தையல்காரி.

"நான்தான். என்னோடதுதான் முதல் பங்கு" என்றார் அண்ணன்.

"யாரு சொன்னா? என்னோடதுதான் முதல் பங்கு. தம்பியே என்கிட்ட சொன்னான்" என்றாள் தங்கச்சி.

தையல்காரி போனை மடியில் வைத்துவிட்டாள். ஏனென்றால் தம்பி அவளிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். 'அக்கா, உன்னோடதுதான் முதல் பங்கு. மத்தவங்ககிட்ட சொல்லிக்காதே, வருத்தப்படுவாங்க.'

மூன்று பேரும் சேர்ந்து தம்பியை வீடியோவில் கூப்பிட்டார்கள். மாதக் கணக்கில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. கிரேனுக்கு மேலே, காற்றில், தம்பியின் முகம் தெரிந்தது.

"டேய், யாருக்குடா முதல் பங்கு?" என்று அதட்டினார் அண்ணன்.

தம்பி ஒரே திரையில் மூன்று முகங்களையும் பார்த்தான். அவன் முகம் போன போக்கைத் தையல்காரி எனக்கு நடித்தே காட்டினாள்.

"ஹலோ? ஹலோ? இங்க சிக்னல் சரியில்ல" என்றான். சிக்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. கட் பண்ணிவிட்டான்.

பிறகு அண்ணன் போனுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சத்தியமா வரிசை மறந்துபோச்சு. யார் மனசும் நோகக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன். மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. ஆறு விதம்தான் வரும்."

(யாரையும் நம்பத் தேவையில்லாத தொழில்நுட்பம் கண்டுபிடித்தவர்கள் பெரிய மூளைக்காரர்கள். ஆனால் யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிற ஒரு தம்பியை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. "சவால்கள்" என்று ஆசிரியர் கேட்டது இதுதான்.)

6

முதல் வரிசை, மூத்தவருக்கு மரியாதை. அண்ணன் போட்டார், மற்றவர்கள் சுவரைப் பார்த்தார்கள். அடுத்து தையல்காரி, அதற்கடுத்து தங்கச்சி. "செல்லாது" என்று வந்தது. தங்கச்சி முகத்தில் ஒரு சின்னத் திருப்தி.

அடுத்த வரிசையைப் போட்டார்கள். ஒரு நொடி சுற்றியது. வாலட் திறந்துகொண்டது.

மூன்று தலைகளும் போனுக்கு மேல் முட்டிக்கொண்டன. இருப்பு: பூஜ்யம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அம்மா பல்லுக்கு வெச்ச பணத்தை எடுத்துட்டியேடி!"

"நானா? ஊரான் வீட்டுக் குழாயெல்லாம் கழட்டுற ஆளு நீ, என்னைச் சொல்றியா?"

"போன் இவகிட்டதானே இருந்துச்சு? இஸ்திரி போட்டாளாம், எரிஞ்சு போச்சாம்! யாரு காதுல பூ சுத்துற?"

கடைசியில் கத்தியதும் அண்ணன்தான், இப்போது விரல் தையல்காரியைக் காட்டியது. திருடி என்று சொல்லிவிட்டான். அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறவளைப் பார்த்து, அம்மாவின் எதிரிலேயே சொல்லிவிட்டான்.

(கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன், அடிக்க வராதீர்கள். தவறான வரிசை பெரும்பாலும் செல்லாது என்றே வரும். அபூர்வமாக, தவறான வரிசையும் செல்லிவிடும். அப்போது திறப்பது வேறொரு வாலட், அதுவரை யாரும் தொடாத காலி வாலட். இதை நானாக எழுதியிருந்தால் ஆசிரியர் "நம்புற மாதிரி இல்லையே" என்பார். அந்த அறையில் இது ஒருவருக்கும் தெரியாது.)

தையல்காரி எழுந்து நின்றாள். அழவில்லை. கோபத்தில் அவளுக்குக் குரல் தணிந்துவிடும்.

"அண்ணே, ஒருத்தர்கிட்ட நாலு சொல்லுதானே இருக்கு? எரிஞ்ச போனைத் தவிர, இதைத் திறக்கணும்னா மூணு பேரும் ஒண்ணாச் சேரணும். அன்னிக்கு போன்ல பாட்டு போடுறப்பகூடப் பணம் இருந்துச்சு, அம்மாவே பாத்தாங்க. அப்புறம் எடுத்திருந்தா, நாம மூணு பேரும் கூடி உக்காந்துதான் எடுத்திருக்கணும்." மூன்று மூலைகளையும் கையால் காட்டினாள். "நாம மூணு பேரும் கூடி உக்காந்து எத்தனை மாசமாச்சு? இப்படிப் பேசாம கெடக்கிற நாம எங்கேயிருந்து சேந்து திருடுறது?"

அண்ணனின் விரல் இறங்கியது. தங்கச்சி தரையைப் பார்த்தாள். அந்தக் குடும்பம் திருடவில்லை என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, அவர்களுடைய சண்டைதான்.

அப்போது ஸ்டூல் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கி, கண்ணில் நீர் வர, ஒரு பல்கூட இல்லாத வாயை ஆவென்று திறந்து சிரித்தார். கை மடியிலேயே கிடந்தது, வாய்க்குப் போகவே இல்லை.

"திருடக்கூட ஒண்ணாச் சேர மாட்டீங்களேடா" என்றார்.

முதலில் தங்கச்சி சிரித்தாள். அண்ணன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோட்டார் இப்போ ஒழுங்கா ஓடுதா?" என்று கேட்டார். "எங்க ஓடுது? அந்த ஆளு கெடுத்துட்டான்" என்றாள் தங்கச்சி. அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதற்கு ஈடாக எந்த நாணயத்தையும் சொல்ல முடியாது. தையல்காரியிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் குடித்து வைத்த டம்ளரை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். அந்த வீட்டில் அது மன்னிப்பு.

யாரும் எடுக்கவில்லை என்றால் வரிசைதான் தப்பாக இருக்க வேண்டும் என்று, பிறகு சுவரைப் பார்க்காமலேயே அடுத்த வரிசையைப் போட உட்கார்ந்தார்கள்.

7

எந்த வரிசையில் திறந்தது?

அதைத்தான் எழுத முடியாது. பல்லுக்குப் போக மிச்சப் பணம் இன்னும் அதில்தான் இருக்கிறது. இந்தக் கதைக்குப் பெயரும் ஊரும் இல்லாததற்குக் காரணம் அதுதான். "கதைதானே, யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று கேட்டுப் பார்த்தேன். "உங்க கதையைப் படிக்கிற நாலு பேருல ஒருத்தன் திருடனா இருந்தா?" என்று தையல்காரி திருப்பிக் கேட்டாள். நாலு பேர் என்று அவள் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூன்று பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அண்ணன், "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், என்னோடதுதான் முதல் பங்கு" என்றார். தங்கச்சி வேனை நிறுத்தி, அதையே சொன்னாள். தையல்காரி பொத்தான் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, அதையே சொன்னாள்.

ஆசிரியருக்கு முடிவு வேண்டும். வேண்டுமானால், "இவ்வாறாக எண்ம நாணயம் குடும்பங்களை இணைக்கும் பாலமாக

(சீச்சீ.)

8

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் போன வாரம் ஒரு சட்டையைக் கொடுக்கப் போனேன்.

பல்செட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று மூன்று பேரும் அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். அம்மா கடித்துக் கடித்துச் சாப்பிட்டாராம். அதன் பிறகு சண்டை எதுவும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு மோட்டார், தங்கச்சிக்கு வேன், தையல்காரிக்குச் சீருடை ஆர்டர். அவரவர் வேலை அவரவருக்கு. பேசிக்கொள்கிறார்கள், போனில். பல் இருக்கிறது, கூட உட்கார ஆள் இல்லை.

நான் போனபோது தையல்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கடைக்காரரிடம் வாங்கிய அந்தப் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து கிடந்ததாம். செத்துவிட்டது. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சொல்லி அனுப்பியாயிற்று, சாயங்காலம் வருகிறார்கள், பன்னிரண்டு சொல்லையும் மறுபடி போட வேண்டும்.

"மேசை மேலதான் சார் வெச்சேன். வாளி அந்தக் கோடியில இருக்கு. பொத்தான் வாங்கக் கடைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள எப்படி விழுந்துச்சுன்னே தெரியல. வீட்டுல அம்மாவைத் தவிர யாரும் இல்ல."

சமையலறையிலிருந்து தாளிக்கிற வாசனை வந்தது. அடுப்பில் பெரிய பாத்திரம் இருந்தது. இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அவ்வளவு பெரிய பாத்திரம் எதற்கு என்று நான் யோசிப்பதற்குள் அம்மா எட்டிப் பார்த்தார்.

"விழுந்துடுச்சுப்பா. என்ன பண்றது?" என்றார். சொல்லிவிட்டுப் புதுப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

விழுந்ததா, இல்லையா? மேசை எங்கே இருக்கிறது, வாளி எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.